பெரிய தொழில்நுட்ப மாநாட்டுக்குப் போகிறீர்களா? டிக்கெட் எடுப்பதற்கு முன்பிருந்து திரும்பி வந்த பின் வரை ஒரு முழு வழிகாட்டி

நான் முதன்முதலில் போன பெரிய டெக் மாநாட்டில் ஒரே நாளில் ஒன்பது அமர்வுகள் கேட்டேன். காலை கீநோட்டில் (மாநாட்டின் முக்கிய உரை) ஆரம்பித்து மாலை கடைசிப் பேச்சு வரை அறைக்கு அறை ஓட்டம். நோட்டுப் புத்தகத்தில் இருபது பக்கத்துக்கு மேல் எழுதியிருந்தேன். ஒரு மாதம் கழித்து எடுத்துப் பார்த்தால், ஒரு பக்கத்தில் கொட்டை எழுத்தில் "கேஷ், இதுதான் முக்கியம்!!" என்று எழுதி அடியில் இரண்டு கோடு வேறு போட்டிருக்கிறேன். எந்த கேஷ் (தரவை வேகமாக எடுக்க உதவும் தற்காலிகச் சேமிப்பு), யார் சொன்னது, எதற்கு முக்கியம், ஒன்றும் விளங்கவில்லை.

அந்த மூன்று நாளில் உண்மையிலேயே உதவியது ஒரே ஒரு விஷயம். போனில் சார்ஜ் தீர்ந்துபோய், சுவரோரம் ஒரு பிளக் பாயின்ட்டைக் கண்டுபிடித்துத் தரையில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் அதே காரணத்துக்காக உட்கார்ந்திருந்தவரிடம் பேச்சுக் கொடுத்தேன். அடுத்த மாதம் நாங்கள் செய்யவிருந்த டேட்டாபேஸ் மாற்றத்தை அவருடைய குழு முன்பே தொடங்கி, பாதியில் கைவிட்டிருந்தது. ஏன் கைவிட்டார்கள், எங்கே சிக்கிக்கொண்டார்கள் என்று இருபது நிமிடம் விவரமாகச் சொன்னார். மேடையில் ஏறி யாரும் அதையெல்லாம் சொல்ல மாட்டார்கள்.

அன்றிலிருந்து எனக்கு ஒரே கணக்குதான். வீட்டில் உட்கார்ந்து பார்க்க முடிகிற எதற்காகவும் அவ்வளவு தூரம் போகக்கூடாது. அநேகமாக எல்லாப் பெரிய மாநாடுகளும் பேச்சுகளைப் பதிவு செய்து பிறகு வெளியிட்டு விடுகின்றன. அங்கே மட்டுமே கிடைப்பது மனிதர்கள், அவர்களிடம் கேட்கும் கேள்விகள், பதிவாகாத பயிற்சிகள். கீழே சொல்லும் எல்லாமே இந்தக் கணக்கை ஒட்டித்தான்.

1. எந்த மாநாடு, எதற்காக?

மாநாடு என்று ஒரே பெயரில் சொன்னாலும் பல ரகங்கள் உண்டு. ஜனவரிதோறும் லாஸ் வேகாஸில் நடக்கும் சிஇஎஸ், பார்சிலோனாவில் நடக்கும் மொபைல் வேர்ல்டு காங்கிரஸ் போன்றவை அடிப்படையில் வணிகக் கண்காட்சிகள். லட்சம் பேர் அளவுக்குக் கூட்டம் சேரும். பொருள் வாங்குபவர், விற்பவர், கூட்டாளி தேடும் ஸ்டார்ட்அப் ஆகியோருக்கு அங்கே வேலை இருக்கிறது. நல்ல பேச்சு கேட்கலாம் என்று ஒரு புரோகிராமர் போனால் கால்வலிதான் மிச்சம்.

அமேசானின் கிளவுட் சேவை மாநாடான ரீ:இன்வென்ட் போன்றவை ஒரு நிறுவனம் தன் வாடிக்கையாளர்களுக்காக நடத்துபவை. மேடையில் பாதி விளம்பரம்தான். ஆனால் அந்தச் சேவையைக் கட்டிய பொறியாளர்கள் அங்கேயே நடமாடுவார்கள். உங்கள் வேலை முழுக்க அந்தச் சேவையின் மேல் நிற்கிறது என்றால் போவதற்கு அது ஒன்றே போதும். பைதான் மொழிக்கான பைகான், திறந்தமூல மென்பொருளுக்காக பிரஸ்ஸல்ஸில் நடக்கும் ஃபோஸ்டெம் போன்றவற்றைப் பயனர்களும் தன்னார்வலர்களும் சேர்ந்து நடத்துகிறார்கள். நீங்கள் தினமும் பயன்படுத்தும் லைப்ரரியை (ஆயத்த கோட் தொகுப்பை) எழுதியவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்க வாய்ப்புண்டு. நியூரிப்ஸ் (இயந்திரக் கற்றல்), சிக்ராஃப் (கணினி வரைகலை) போன்றவை ஆய்வாளர்களின் களம். டெஃப்கானும் ஜெர்மனியின் கேயாஸ் கம்யூனிகேஷன் காங்கிரஸும் ஹேக்கர்களின் திருவிழா. முன்னது 1993 முதல், பின்னது 1984 முதல் நடக்கிறது.

ரகம் தெரிந்ததும் ஒரு அட்டையை எடுத்து மூன்று கேள்விகள் எழுதுங்கள். மூன்றே மூன்று. "குபர்னெட்டிஸ் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும்" என்பது கேள்வி இல்லை, ஆசை. (குபர்னெட்டிஸ் என்பது பல சர்வர்களில் மென்பொருள்களை ஓட்டி நிர்வகிக்கும் கருவி.) கேள்வி என்றால் இப்படி இருக்க வேண்டும்: "எங்கள் நாற்பது சர்வீஸ்களும் ஒரே கிளஸ்டரில் (சர்வர் கூட்டத்தில்) இருக்கின்றன. ஒரு குழு செய்யும் தவறான டெப்ளாய் (புதிய மாற்றத்தை வெளியிடுவது) மற்ற எல்லாரையும் படுக்க வைக்கிறது. இதே நிலையில் கிளஸ்டரைப் பிரித்தவர்கள் எந்தக் கட்டத்தில் பிரித்தார்கள்? பிரித்த பிறகு எந்தத் தலைவலி புதிதாக வந்தது?" இப்படிக் கேட்டால் எதிரில் இருப்பவர் தன் கதையைச் சொல்ல ஆரம்பித்து விடுவார். முதல் ரகக் கேள்வியைக் கேட்டால் ஒரு இணைய முகவரியைக் கொடுத்துவிட்டு நகர்ந்து விடுவார்.

மூன்று கேள்வியும் எழுத வரவில்லையா? அந்த மாநாட்டுக்கு இந்த ஆண்டு போக வேண்டாம். வீடியோ பார்த்தால் போதும்.

2. செலவு யார் தலையில்?

அலுவலகத்திடம் கேட்பதென்றால் அந்த அட்டையைத்தான் காட்ட வேண்டும். "கற்றுக்கொள்ள நல்ல வாய்ப்பு" என்று மேலாளரிடம் சொன்னால் அவர் தலையாட்டிவிட்டு மறந்து விடுவார். "இந்த மூன்று முடிவுகளை நாம் வரும் மாதங்களில் எடுக்க வேண்டியிருக்கிறது. இவற்றைச் செய்து பார்த்த இன்னின்னார் அங்கே வருகிறார்கள். திரும்பி வந்து ஒரு மணி நேரம் குழுவுக்குச் சொல்கிறேன்" என்றால் அது வேறு பேச்சு.

சொந்தச் செலவில் போகிறவர்களுக்கும் வழிகள் உண்டு. ஃபோஸ்டெமுக்கு நுழைவுக் கட்டணமே இல்லை, முன்பதிவும் கிடையாது. நேரே உள்ளே போகலாம். பைகான் போன்றவை பயண உதவித்தொகை தருகின்றன. மாணவர்களுக்கும், துறையில் குறைவாக இருக்கும் பிரிவினருக்கும் பல இடங்களில் தனி உதவி உண்டு. தன்னார்வலராகச் சேர்ந்தால் பல மாநாடுகளில் டிக்கெட் இலவசம் அல்லது சலுகை விலையில் கிடைக்கும். இந்த விண்ணப்பங்களின் கடைசி நாள் மாநாட்டுக்குப் பல மாதங்கள் முன்பே முடிந்துவிடும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம். வெளிநாடு என்றால் விசாவுக்கான அழைப்புக் கடிதத்தை டிக்கெட் எடுத்த அன்றே கேட்டு விடுங்கள்.

எல்லாவற்றையும்விட நல்ல டிக்கெட் பேச்சாளர் டிக்கெட்தான். நீங்கள் போய் யாரிடமும் அறிமுகம் செய்துகொள்ள வேண்டியதில்லை. உங்கள் பேச்சைக் கேட்டவர்கள் தாமே வருவார்கள். முழு நீளப் பேச்சுக்குத் தயக்கம் இருந்தால், பல மாநாடுகளில் ஐந்து நிமிட லைட்னிங் டாக் இருக்கிறது. பெரும்பாலும் அங்கே போன பிறகு பெயர் கொடுத்தாலே போதும்.

3. நிகழ்ச்சி நிரலை எப்படிப் படிப்பது

ஒரு பெரிய மாநாட்டின் நிரலில் நூற்றுக்கணக்கான அமர்வுகள் இருக்கும். முதலில் ஒவ்வொன்றையும் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இது பதிவாகிறதா? பதிவாகிறது என்றால் பட்டியலின் அடிக்குத் தள்ளுங்கள். பேசுபவரை நேரில் பிடித்துப் பேச வேண்டும் என்றால் மட்டும் மேலே ஏற்றுங்கள். பயிற்சி அமர்வுகள், போஸ்டர்கள் (ஆய்வைச் சுவரொட்டியாக வைத்து விளக்குவது), டெமோக்கள், ஒரே ஆர்வம் உள்ளவர்கள் தாமாகக் கூடிப் பேசும் 'பேர்ட்ஸ் ஆஃப் எ ஃபெதர்' கூட்டங்கள் ஆகியவை பெரும்பாலும் பதிவாவதில்லை. அவையே மேலே வர வேண்டும்.

தலைப்பை நம்பாதீர்கள். "செயற்கை நுண்ணறிவின் எதிர்காலம்" மாதிரித் தலைப்புகளில் பெரும்பாலும் எதிர்காலமும் இருக்காது, நுண்ணறிவும் இருக்காது. விவரக் குறிப்பில் எண்ணிக்கை, குறிப்பிட்ட ஒரு கோளாறு, "முதலில் இப்படிச் செய்தோம், ஒத்துவரவில்லை" என்ற வகைப் பேச்சு இருந்தால் அங்கே போகலாம். தோற்ற கதையை மேடையேறிச் சொல்கிறவர், பேச்சு முடிந்த பின் கேட்டால் இன்னும் நிறையச் சொல்வார்.

ஒரு நாளைக்கு நான்கு அமர்வுக்கு மேல் வேண்டாம். நடுவில் குறைந்தது ஒரு மணி நேரமாவது வெறுமையாக விடுங்கள். எதற்கு என்று திட்டமிடாத நேரம் அது. அப்புறம் தூரத்தைக் கணக்கில் எடுங்கள். ரீ:இன்வென்ட் ஒரே கட்டடத்தில் நடப்பதில்லை. லாஸ் வேகாஸின் முக்கியச் சாலையில் பல ஹோட்டல்களில் பரவிக் கிடக்கும், அடுத்தடுத்த இரண்டு அமர்வுகள் இரண்டு முனைகளில் இருந்தால் ஒன்றை மறந்துவிட வேண்டியதுதான். இடம் முன்பதிவு செய்யும் வசதி இருந்தால், திறக்கும் அன்றே செய்யுங்கள். ஃபோஸ்டெமில் பிரச்சினை வேறு மாதிரி. சிறிய அறைகள் நிரம்பிவிட்டால் வாசலில் 'நிரம்பிவிட்டது' என்று தாளை ஒட்டிவிடுவார்கள், பிறகு யாரும் உள்ளே போக முடியாது. அங்கே விவரம் தெரிந்தவர்கள் தங்களுக்கு வேண்டிய அறைக்கு ஒரு பேச்சு முன்னதாகவே போய் உட்கார்ந்து விடுகிறார்கள்.

போஸ்டர், டெமோ பகுதிகளை இவ்வளவு வற்புறுத்துவதற்கு ஒரு பழைய காரணம் உண்டு. 1991 டிசம்பரில் டெக்சாஸின் சான் அன்டோனியோவில் ஹைபர்டெக்ஸ்ட் (ஒன்றோடொன்று இணைப்புள்ள உரை) மாநாடு நடந்தது. டிம் பெர்னர்ஸ்-லீ தான் உருவாக்கிய உலகளாவிய வலை பற்றிய கட்டுரையை அனுப்ப, தேர்வுக் குழு அதை ஏற்கவில்லை. டெமோவாகக் காட்டிக்கொள்ள மட்டும் இடம் கொடுத்தது. மேடைப் பேச்சுகளை மட்டும் கேட்டுவிட்டுக் கிளம்பியவர்கள் வலையைப் பார்க்காமலே வீடு திரும்பியிருப்பார்கள்.

மேடையில் எப்போதும் ஒன்றுமே நடப்பதில்லை என்று சொல்ல வரவில்லை. 1968 டிசம்பர் 9 அன்று சான் ஃபிரான்சிஸ்கோவில் நடந்த கணினி மாநாட்டில் ஆய்வாளர் டக்ளஸ் எங்கல்பார்ட் தொண்ணூறு நிமிடங்களில் மவுஸ், ஹைபர்டெக்ஸ்ட், வீடியோ வழி உரையாடல் என்று ஒவ்வொன்றாகக் காட்டினார். அப்படி ஒன்று நடந்தால் எனக்கும் முதல் வரிசையில் உட்கார ஆசைதான். நான் பார்த்த கீநோட்டுகளில் பாதியை இரட்டை வேகத்தில் பார்த்திருந்தாலும் ஒன்றும் குறைந்திருக்காது.

4. போகுமுன் நான்கைந்து பேருக்கு எழுதுங்கள்

பலர் தவிர்க்கும் படி இது. கூச்சம்தான் காரணம். மாநாட்டுக்கு இரண்டு வாரம் முன்பு, உங்கள் மூன்று கேள்விகளுக்குப் பதில் தெரிந்திருக்கக்கூடியவர்களைத் தேடிப் பிடியுங்கள். மேடை நட்சத்திரங்களை விட்டுவிடுங்கள். அவர்களைச் சுற்றி எப்போதும் நாற்பது பேர் நிற்பார்கள். ஒரு திட்டத்தின் ஆவணங்களை எழுதுபவர், நீங்கள் போட்ட பக் ரிப்போர்ட்டுக்குப் (பிழைப் புகாருக்குப்) பதில் சொன்னவர், சிறிய அறையில் பேசப் போகிறவர் போன்றவர்களிடம் நேரமும் இருக்கும், பொறுமையும் இருக்கும்.

செய்தி இந்த அளவு இருந்தால் போதும்:

"வணக்கம். செவ்வாய் மதியம் உங்கள் பேச்சுக்கு வருகிறேன். செய்திகளை வரிசையாக அனுப்பும் அதே கியூ மென்பொருளை நாங்களும் பயன்படுத்துகிறோம். செய்திகள் இரண்டு முறை வந்து சேரும் சிக்கலை இன்னும் தீர்க்க முடியவில்லை. பேச்சு முடிந்ததும் மேடைக்குப் பக்கத்தில் பத்து நிமிடம் உங்களிடம் இது பற்றிக் கேட்கலாமா? நேரம் இல்லையென்றாலும் பரவாயில்லை, பேச்சுக்கு வருகிறேன்."

யார், என்ன, எங்கே, எவ்வளவு நேரம் என்பது நான்கும் அதில் இருக்கிறது. மறுக்கவும் வழி விட்டிருக்கிறது. "உங்களைச் சந்தித்துப் பேச ஆர்வமாக இருக்கிறேன்" என்று மட்டும் எழுதினால், பதில் சொல்லும் பாரத்தை முழுக்க அவர் தலையில் வைக்கிறீர்கள். ஐந்து பேருக்கு எழுதி இரண்டு பேர் சரி என்றாலே பெரிய லாபம்.

5. பையில் என்ன

பழகிய காலணி. புதிதாக வாங்கியதை மாநாட்டில் போட்டுப் பார்க்கக்கூடாது. பவர் பேங்க், தண்ணீர்ப் பாட்டில், அரங்கத்தின் ஏசி குளிருக்கு மெல்லிய மேலாடை. நிரலையும் வரைபடத்தையும் போனில் இறக்கி வையுங்கள், அல்லது தாளில் அச்சிடுங்கள், ஏனென்றால் வைஃபை கைவிடும்.

கைவிடும் என்று சும்மா சொல்லவில்லை. 2010 ஜூனில் ஆப்பிளின் டெவலப்பர் மாநாட்டு மேடையில் ஐபோன் 4-ஐ அறிமுகப்படுத்திய ஸ்டீவ் ஜாப்ஸால் ஒரு இணையப் பக்கத்தைத் திறக்க முடியவில்லை. அரங்கத்துக்குள் 570 வைஃபை நிலையங்கள் ஓடுகின்றன, தயவுசெய்து அணையுங்கள் என்று பார்வையாளர்களிடமே கேட்டுக்கொள்ள வேண்டியதாயிற்று. அவருக்கே அந்தக் கதி.

கிளம்புமுன் போனிலும் லேப்டாப்பிலும் அப்டேட்களை முடித்து விடுங்கள். பொது வைஃபையில் முக்கியமான வேலை வேண்டாம். டெஃப்கானில் 'செம்மறிகளின் சுவர்' என்று ஒரு திரை வைப்பது வழக்கம். பாதுகாப்பில்லாமல் லாகின் செய்பவர்களின் பயனர் பெயரும் கடவுச்சொல்லின் ஒரு பகுதியும் அதில் ஓடும். அங்கே விளையாட்டாகச் செய்வதை வேறு இடத்தில் வேறு ஒருவர் சத்தமில்லாமல் செய்யலாம்.

லேப்டாப் தேவையா? பயிற்சி அமர்வு இருந்தால் தேவை. இல்லையென்றால் அறையிலேயே வைத்துவிட்டு வாருங்கள். அது கையில் இருந்தால் இடைவேளையில் அலுவலக மெயிலைத் திறப்பீர்கள்.

6. முதல் நாள் காலை

முடிந்தால் பேட்ஜை முந்தின நாள் மாலையே வாங்கி விடுங்கள். காலை வரிசையில் ஒரு மணி நேரம் போய்விடும். வாங்கிய கையோடு அரங்கத்தை ஒரு சுற்று நடந்து வாருங்கள்: உங்கள் அறைகள், கழிப்பறை, பிளக் பாயின்ட், அமைதியாக உட்கார ஒரு மூலை. முதல்முறை வருபவர்களுக்கென்று அறிமுகக் கூட்டம் இருந்தால் தவறாமல் போங்கள். அங்கே உட்கார்ந்திருப்பவர்கள் எல்லாருமே யாரையும் தெரியாமல் வந்தவர்கள்தான்.

7. தாழ்வாரம்தான் முக்கிய மேடை

மாநாடுகளுக்குப் போய்ப் பழகியவர்கள் 'ஹால்வே டிராக்' என்று ஒன்றைச் சொல்வார்கள். நிரலில் தேடினால் கிடைக்காது. அறைகளுக்கு வெளியே தாழ்வாரத்தில் நடக்கும் பேச்சுக்குத்தான் அந்தப் பெயர். ஹாரிசன் ஓவன் என்பவர் 1980களில் ஒரு பெரிய மாநாட்டைப் பாடுபட்டு நடத்தி முடித்த பின், வந்தவர்களுக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்தது காபி இடைவேளைதான் என்று தெரிந்துகொண்டார். சரி, முழு மாநாட்டையும் இடைவேளை மாதிரியே நடத்தினால் என்ன என்று யோசித்து 1985இல் அவர் தொடங்கிய முறைதான் 'ஓப்பன் ஸ்பேஸ்'. இன்று பைகான் உட்படப் பல மாநாடுகளில் அது தனிப் பகுதியாகவே இருக்கிறது. பலகையில் ஒரு நேரத்துக்கும் அறைக்கும் எதிரே தலைப்பை எழுதினால் போதும், ஆர்வம் உள்ளவர்கள் வருவார்கள். உங்கள் மூன்று கேள்விகளில் ஒன்றை அங்கே எழுதி ஒட்டுங்கள். ஆறு பேர் வந்தாலும் அந்த ஆறு பேருக்கும் உங்கள் தலைவலியே இருக்கும்.

ஓவன் சொன்ன 'இரண்டு கால் விதி'யையும் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள். இருக்கும் இடத்தில் நீங்கள் கற்கவும் இல்லை, தரவும் இல்லை என்றால், இரண்டு கால்களையும் பயன்படுத்தி வேறிடம் போங்கள். பேச்சின் நடுவில் எழுந்து போவது அவமரியாதை இல்லையா என்று எனக்கும் நெடுநாள் தயக்கம் இருந்தது. வரிசையின் ஓரத்தில் உட்கார்ந்து, சத்தமில்லாமல் போனால் யாரும் தவறாக நினைப்பதில்லை.

கூட்டமாக நின்று பேசிக்கொண்டிருப்பவர்களிடையே எப்படி நுழைவது? அவர்கள் ஒரு விதியைக் கடைப்பிடித்தால் எளிது. எரிக் ஹோல்ஷர் என்ற டெவலப்பர் பரப்பிய 'பேக்-மேன் விதி' ஒன்று உண்டு. வட்டமாக நின்று பேசும்போது, பேக்-மேன் வீடியோ விளையாட்டின் உருவம் வாயைத் திறந்திருப்பது போல ஒரு ஆள் நுழையும் இடைவெளி விட்டு நிற்க வேண்டும். யாராவது வந்து நிரப்பினால் மறுபடி நகர்ந்து இன்னொரு இடைவெளி. இடைவெளி தெரிந்தால் போய் நில்லுங்கள். உடனே பேச வேண்டும் என்றில்லை. நீங்கள் உள்ளே வந்ததும் உங்கள் பக்கத்தில் ஒரு ஆள் இடம் விட மறக்காதீர்கள்.

தனியாக நிற்பவரிடம் தொடங்குவது இன்னும் சுலபம். "என்ன வேலை செய்கிறீர்கள்?" என்று கேட்டால் பதவிப் பெயர் வரும், பேச்சு அங்கேயே நின்றுவிடும். "இப்போது எதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறீர்கள்?" என்று கேளுங்கள். ஆள் மலர்ந்து விடுவார். உங்களை அறிமுகப்படுத்தும்போதும் அதேதான். "நான் சீனியர் பேக்எண்ட் இன்ஜினியர்" என்பதில் பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை. "மருத்துவமனைகளுக்கு அப்பாயின்ட்மென்ட் மென்பொருள் எழுதுகிறோம். நேர மண்டலம் மாறும் நாளில் எல்லாம் குழம்பிவிடுகிறது" என்றால் எதிராளிக்குக் கேட்க இரண்டு கேள்வி கிடைக்கும்.

பேச்சை முடிக்கவும் தெரிய வேண்டும். நிறையப் பேர் இதில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். நீண்ட சாக்கு வேண்டாம். "உங்களோடு பேசியதில் மகிழ்ச்சி. நான் இன்னும் கொஞ்சம் சுற்றிப் பார்க்கிறேன்" என்று சொல்லிக் கைகுலுக்கி நகருங்கள். அவரும் உள்ளுக்குள் அதற்காகக் காத்திருந்திருக்கலாம்.

இவ்வளவும் படித்துவிட்டு, எனக்கு அந்நியரிடம் பேசவே வராது என்பவர்களுக்கு என் ஒரே யோசனை, தன்னார்வலராகச் சேருங்கள். கேயாஸ் காங்கிரஸில் தன்னார்வலர்களை 'ஏஞ்சல்கள்' என்பார்கள். வாசலில் நிற்பது முதல் கேமரா பிடிப்பது வரை அவர்கள்தான். பேட்ஜ் கொடுக்கும் மேசையில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தால் நூறு பேரிடம் பேசியாக வேண்டும், என்ன பேசுவது என்ற குழப்பமும் இல்லை. சக தன்னார்வலர்கள் மாலைக்குள் நண்பர்களாகி விடுவார்கள்.

கேள்வி நேரம் பற்றி ஒரு வார்த்தை. மைக்கைப் பிடித்து, "இது கேள்வி இல்லை, ஒரு கருத்து" என்று ஆரம்பிப்பவராக ஆகிவிடாதீர்கள். கேள்வி ஒரு வாக்கியம், அதிகம் போனால் இரண்டு. உங்கள் நிறுவனச் சிக்கலை விளக்க வேண்டியிருந்தால், பேச்சு முடிந்ததும் மேடைக்குக் கீழே காத்திருங்கள். அங்கே நிற்கும் மற்ற ஐந்தாறு பேரோடும் பேசுங்கள். ஒரே பேச்சைக் கேட்டு, ஒரே இடத்தில் காத்திருப்பவர்கள் அவர்கள். பேச்சாளரை விடவும் அவர்கள் உங்களுக்குப் பயன்பட்டாலும் படலாம்.

8. குறிப்பெடுப்பது

ஒரு அமர்வுக்கு மூன்று வரி: என்ன புதிதாகத் தெரிந்தது, எதை நான் நம்பவில்லை, இதை வைத்துத் திங்கட்கிழமை என்ன செய்வேன். மூன்றாவதற்குப் பதில் இல்லையென்றால் குறிப்பே வேண்டாம். ஸ்லைடுகளைப் படம் பிடிப்பதை நான் விட்டுவிட்டேன். கடைசி ஸ்லைடில் வரும் முகவரியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

ஆட்களைப் பற்றிய குறிப்புதான் அவசரம். ஒருவரோடு பேசி முடித்து நகர்ந்த உடனே, அடுத்தவரிடம் போகுமுன், போனில் தட்டுங்கள்: பெயர், என்ன பேசினோம், யார் யாருக்கு என்ன அனுப்புவதாகச் சொன்னோம். மாலைக்குள் எல்லா முகங்களும் ஒன்றோடொன்று கலந்து விடும். கியூஆர் கோடை ஸ்கேன் செய்து லிங்க்ட்இனில் சேர்த்தால் மட்டும் போதாது. மூன்று மாதம் கழித்து அந்தப் பெயரைப் பார்த்து, யார் இவர் என்று விழிப்பீர்கள்.

9. ஸ்டால்கள்

கண்காட்சிக் கூடத்தில் உங்கள் பேட்ஜை ஸ்கேன் செய்ய அனுமதித்தால், இலவச டி-ஷர்ட்டுக்கு உங்கள் மின்னஞ்சலை விற்றதாக அர்த்தம். பதிவு செய்யும்போதே இதற்கென்று தனி மின்னஞ்சல் கொடுத்து விடுங்கள். நான் முதல் தடவை அலுவலக முகவரியைக் கொடுத்துவிட்டு, ஓராண்டு முழுக்க அதன் பலனை அனுபவித்தேன்.

அதற்காக ஸ்டால்களை ஒதுக்க வேண்டாம். கூட்டம் இல்லாத நேரத்தில், முக்கியமாக மற்றவர்கள் அமர்வில் இருக்கும்போது, போங்கள். "இங்கே பொறியாளர் யாராவது இருக்கிறார்களா?" என்று முதலில் கேளுங்கள். அவரிடம் கேட்க வேண்டிய கேள்வி: "உங்கள் பொருள் யாருக்கு ஒத்துவராது?" நல்ல பொறியாளர் சிரித்துக்கொண்டே உண்மையைச் சொல்வார். எல்லாருக்கும் ஒத்துவரும் என்று பதில் வந்தால் டி-ஷர்ட்டை வாங்கிக்கொண்டு கிளம்பலாம்.

10. உடம்பு

டெஃப்கான் போகிறவர்களிடையே '3-2-1 விதி' உண்டு: ஒரு நாளைக்குக் குறைந்தது மூன்று மணி நேரத் தூக்கம், இரண்டு வேளை சாப்பாடு, ஒரு குளியல். வேடிக்கையாகச் சொல்வது போலிருந்தாலும், அப்படி ஒரு விதி தேவைப்படும் அளவுக்கு ஆட்கள் தங்களை மறந்து விடுகிறார்கள் என்பது தெரிகிறது. தூக்கத்தை மட்டும் இரட்டிப்பாக்கிக்கொள்ளுங்கள். மூன்றாம் நாள் மதியம் மண்டை வேலை செய்யாது. அன்று பயிற்சி அமர்வு வைத்துக்கொள்ளாதீர்கள்.

மாலை விருந்துகளுக்குப் போக வேண்டும் என்று கட்டாயம் இல்லை, போனால் குடிக்க வேண்டும் என்றும் இல்லை. நான் ஒரு மணி நேரம் இருந்துவிட்டு வந்து விடுவேன். பெரிய மாநாடுகளில் நடத்தை விதிமுறை எழுத்தில் இருக்கும். புகார் சொல்ல வேண்டிய எண் எது என்று முதல் நாளே பார்த்து வையுங்கள். யாரையும் கேட்காமல் படம் எடுக்காதீர்கள். சில மாநாடுகளில் படம் வேண்டாம் என்பவர்கள் வேறு நிறக் கழுத்துப்பட்டை அணிவார்கள். திரும்பி வந்ததும் சளியும் காய்ச்சலும் வருவது சகஜம். கை கழுவுங்கள், தேவைப்பட்டால் முகக்கவசம் போடுங்கள், திரும்பிய மறுநாள் முக்கியமான கூட்டம் எதையும் வைக்காதீர்கள்.

11. திரும்பிய பின் முதல் வாரம்

இரண்டு நாளுக்குள், குறிப்பில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் எழுதுங்கள். அனுப்புவதாகச் சொன்ன இணைப்பு, கோப்பு, அறிமுகம் எதுவானாலும் அதோடு சேர்த்து. "பிளக் பாயின்ட் பக்கத்தில் டேட்டாபேஸ் பற்றிப் பேசினோமே" என்று ஒரு அடையாளம் வைத்தால் அவருக்கும் முகம் ஞாபகம் வரும். வாரம் தாண்டினால் எழுதக் கூச்சம் வந்துவிடும், பிறகு எழுதவே மாட்டீர்கள். எனக்குப் பலமுறை அப்படி ஆகியிருக்கிறது.

குழுவுக்குச் சொல்லும்போது எல்லா அமர்வையும் சுருக்கிச் சொல்ல முயலாதீர்கள். யாரும் கேட்க மாட்டார்கள். மூன்று கேள்விகளை மறுபடி எடுங்கள். ஒவ்வொன்றுக்கும் என்ன பதில் கிடைத்தது, யாரிடமிருந்து, அதனால் நாம் மாற்றிக்கொள்ள வேண்டியது என்ன. பதிவான பேச்சுகளில் சிறந்த இரண்டைத் தேர்ந்தெடுத்து, எல்லாரும் சேர்ந்து பார்த்து, நடுநடுவே நிறுத்திப் பேசுங்கள். தனியாக இருபது வீடியோக்களைப் 'பிறகு பார்க்க' வைப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

பைகான் போன்ற இடங்களில் மாநாடு முடிந்ததும் சில நாட்கள் 'ஸ்பிரிண்ட்' நடக்கும். திறந்தமூலத் திட்டங்களில் பலரும் சேர்ந்து உட்கார்ந்து வேலை செய்வார்கள். ஒரு நாள் தள்ளித் திரும்ப முடியும் என்றால் இருந்து பாருங்கள். லைப்ரரியை எழுதியவரின் பக்கத்தில் உட்கார்ந்து முதல் பேட்சை (சிறு கோட் திருத்தத்தை) அனுப்பலாம்.

மூன்று கேள்விகளில் ஒன்றுக்கு எங்கேயும் பதில் கிடைக்காமல் போகும். எனக்கு ஒவ்வொரு தடவையும் போகிறது. அத்தனை பேரிடம் கேட்டும் கிடைக்கவில்லை என்றால், அதைத் தீர்க்க நீங்கள் படும் பாட்டைக் கேட்க அங்கே ஆட்கள் இருக்கிறார்கள். அந்தக் கேள்வியையே தலைப்பாக்கி அடுத்த ஆண்டுக்கான பேச்சு விண்ணப்பத்தை எழுதத் தொடங்குங்கள். கடைசித் தேதியை இப்போதே நாட்காட்டியில் குறித்து வையுங்கள்.